புள்ளிக்கோடு

வரைபடத்தில் இது புள்ளிக்கோடு.
வெருகல் வீதியிலிருந்து பிரிந்து
விளாங்கண்டல் குளக்கட்டு வரை
நாற்பத்தொரு புள்ளி. எண்ணியிருக்கிறேன்.
மழைக்கு அடைபட்ட மத்தியானங்களில்
கந்தோரில் எண்ண வேறென்ன இருக்கிறது.

நிலத்தில் முதல் புள்ளியே கிடைக்கவில்லை.
வீரை, கரம்பை, உடுப்பைப் பிடித்து நிறுத்துகிற சூரை.
கத்திக்காரச் சப்ரான் ஒரு மணித்தியாலம் வெட்டினான்.
வெட்டிய அளவுக்குத்தான் வழி.
திரும்பிப் பார்த்தால் அதுவும் எங்களுடையதுதான்,
பழையது இல்லை.

அடையாளம் காட்ட வந்தவர் இராசமலர்.
உவர்மலை விடுதியில் சமையல்,
ஒருநாள் லீவு, விடியப்புற பஸ்,
செருப்பைக் கழற்றி சொப்பிங் பையில் போட்டிருந்தார்.
பத்து வயதில் வெளிக்கிட்டவர்.
"இரவிலதான் போனனாங்கள் தம்பி.
பகலில எனக்கு இது தெரியாது."
கொஞ்சம் யோசித்தார்.
பிறகு குளத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு
போன பக்கம் பார்த்து
ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்தார்.
அப்படித்தான் பிடிபட்டது.

அரை மைல் உள்ளே
வண்டி போகிற அகலத்தில் ஒரு வெளிச்சம்.
பாதையை யானைகள் வைத்திருந்தன.
காய்ந்த லத்தியில் விளாங்கொட்டை முளைத்திருந்தது.
தாளைப் பார்க்காமலே
அதே வளைவில் வளைந்து
அதே இடத்தில் ஓடைக்கு இறங்கியிருந்தன.
நாடா பிடித்துப் பார்த்தேன். பிழை ஆறடி.
எங்கள் கந்தோரில் இதைவிடக் கூட விட்டிருக்கிறோம்.

வாய்க்காலுக்கு யானையும் உதவவில்லை.
குளம் எந்த மாரியில் உடைத்ததென்று
சொல்ல ஒருவரும் இல்லை,
பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.
துருசின் வாய்க்குள் மண்.
தண்ணீர் உடைவால் இறங்கித் தனக்கொரு தடம் எடுத்து
யாருடைய முறை என்று கேளாமல்
வில்லுக்குப் போய்க்கொண்டிருந்தது.
பழைய வாய்க்காலின் நடுவில்
தொடைப் பருமனில் ஒரு மருது.

அதன் வேரடியில் இராசமலர் குந்தினார்.
சருகைக் கையால் வழித்தார்.
கருங்கல் ஒன்று, ஒரு பக்கம் காடி வெட்டியது.
"இந்த மடைக்காகத்தான் வழக்கு."

மூதூர்க் கோட்டில் ஒன்பது தவணை.
மேல்வயல் முருகுப்பிள்ளைக்கும் இவர் தகப்பனுக்கும்
ஒரு சாண் தண்ணீருக்கு.
பத்தாம் தவணைக்கு
எதிரியும் இல்லை, வழக்காளியும் இல்லை, வயலும் இல்லை.
திகதி மட்டும் எங்கோ ஒரு கோவைக்குள்
இன்னும் வந்துகொண்டிருக்கும்.

கட்டின் மூலையிலிருந்து சாணால் அளந்தார்.
இரண்டு தரம் அளந்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.
"கல்லை நகத்தினது அப்பாதான்.
நான்தான் லாம்பு பிடிச்சனான்."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.
அவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு
கல்லைத் தள்ளத் தொடங்கியிருந்தார்.
அசையவில்லை. சப்ரான் பிடித்தான். நானும் பிடித்தேன்.
கீழே ஒரு நட்டுவக்காலி, கோபத்தோடு.
ஒரு சாண். அவ்வளவுதான்.
"தண்ணியே வராத மடைக்கு ஏன் அக்கா இந்தப் பாடு?"
கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்:
"கோட்டில கூப்பிட்டுக் கேட்டா?"

மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க
யானைகளின் வழியால் வேகமாக வந்தோம்.
இப்போது அவர் முன்னால் பார்த்தே நடந்தார்.

படிவத்தில் நிரல் ஆறு: பாதையைப் பாவிப்போர்.
யானை என்று எழுதினேன்.
நிரல் ஏழு: கல் காணப்பட்ட நிலை.
பேனை கொஞ்சம் நின்றது.
உரிய இடத்தில், என்று எழுதினேன்.

மூன்று கிழமையால் திருகோணமலையிலிருந்து தாள் திரும்பி வந்தது.
யானையைச் சிவப்பு மையால் வெட்டி
ஒருவருமில்லை என்று திருத்தியிருந்தார்கள்.
கல்லை விட்டுவிட்டார்கள்.